மாடி அறையில் பாடுகிறவள்

பாலை அளந்து ஊற்றிக்கொண்டே தனக்கொடி சொன்னாள், "காத்தால நீ பாடுனது எங்க மாட்டுக் கொட்டா வரைக்கும் கேட்டுச்சு பாப்பா. கறக்கறத வுட்டுட்டு அப்படியே ஒக்காந்துட்டேன்."

சுவேதா கையில் சொம்புடன் வாசற்படியில் நின்றிருந்தாள். படுக்கையிலிருந்து எழுந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆடி மாதத்துக் காற்று விடியற்காலையிலேயே கிளம்பி, வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நின்ற கரும்பின் தோகைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தது. பாகூர் ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடையும் யாரோ சருகு கொளுத்திய புகையும் கலந்து வந்தன. அந்த இரைச்சலில் எதிரே நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். தனக்கொடியின் மாட்டுக் கொட்டகையோ இரண்டு கொல்லை தாண்டி இருந்தது.

"நான் பாடலியேக்கா," என்றாள்.

"ஆமாமா, நீ பாடல. எங்க கன்னுக்குட்டிதான் பாடுச்சு." தனக்கொடி சிரித்துக்கொண்டே கேனை சைக்கிளில் மாட்டினாள். ஏறுவதற்கு முன் ஒரு கணம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அது சுவேதாவின் அறை. "பழைய மாதிரியே இருந்துச்சு," என்றாள், தனக்குள் பேசுவதுபோல. "அந்தச் சின்னக் குரலு."

சுவேதா பாடுவதை நிறுத்தி ஐந்து மாதமாகியிருந்தது. குளிக்கும்போதுகூட அவள் முணுமுணுப்பதில்லை.

பத்து வயதில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் அவள். இறுதிச் சுற்றில் அவள் பாடிய பாட்டில் ஓர் உச்சம் உண்டு. அதை அவள் எட்டிப் பிடித்து நிறுத்தியபோது நடுவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அடுத்த வாரமே பாகூர்க் கடைத்தெரு முழுக்க அவள் முகம் போட்ட பேனர்கள் தொங்கின. கரும்புக் கொல்லைக்கு நடுவிலிருந்த கூரை வீடு போய் மாடி வீடு வந்தது. அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் தொட்டார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள். தொண்டையைத் தடவிப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து வந்து, அவள் சடையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வலித்து அழுதபோது, அழுதால் தொண்டை கட்டும் என்று அம்மா சொன்னாள்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. தொண்டைக்கு எது ஆகும், எது ஆகாது என்பதுதான் பேச்சு. ஐஸ் ஆகாது, தயிர் ஆகாது, மழை ஆகாது, பள்ளிக்கூடத்தில் கத்தி விளையாடுவது ஆகாது. பள்ளியிலும் அவளோடு யாரும் விளையாடவில்லை. வாத்தியார் வராத நேரங்களில் எழுந்து பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும் உட்காரச் சொன்னார்கள்.

பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கும்போது குரல் தடித்தது. வில்லியனூர் பக்கம் ஒரு மாசித் திருவிழாவில், அதே பாட்டின் அதே உச்சத்தில், அது இரண்டாகப் பிளந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள். மறுநாள் அந்தப் பிளந்த குரல் ஊரில் எல்லாருடைய செல்போனிலும் ஓடியது.

அன்று திரும்பி வரும்போது காரில் அவளுடைய அம்மா ஜெயா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அந்தக் கொழந்த எங்கடி போச்சு?" அவள் திட்டவில்லை. உண்மையாகவே எதையோ தொலைத்துவிட்டவள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டாள். இனிமேல் பாட மாட்டேன் என்று சுவேதா சொன்ன நாளிலிருந்து அம்மா அவளிடம் பேசவில்லை. தட்டில் சோறு விழும். வார்த்தை விழாது.

அதனால்தான், தனக்கொடி அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் நடந்தது அவளை அத்தனை குழப்பியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மாடியேறியபோது அவள் அறைக் கதவுக்கு முன்னால் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. காலியான டம்ளர். அடியில் மஞ்சளும் மிளகும் ஒட்டியிருந்தன. பனங்கற்கண்டின் வாசம் இன்னும் போகவில்லை. கச்சேரிக்குப் போகுமுன் அம்மா அவளுக்குக் காய்ச்சித் தருகிற பால். எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் உதட்டுச் சாயத்தின் தடம் இருந்தது. சின்ன வாயின் தடம்.

"பாப்பா, டம்ளர எடுத்துக்கினு வா," என்று கீழிருந்து அம்மா கூப்பிட்டாள்.

பாப்பா. ஐந்து மாதத்துக்குப் பிறகு. சுவேதாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பால் நான் குடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. டம்ளரின் விளிம்பைப் பாவாடையில் அழுந்தத் துடைத்துவிட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். ரொம்ப நேரம் பாடாதே, மெதுவாகப் பழகு, தொண்டை பழையபடி வந்துவிட்டது என்றாள். அம்மாவின் விரல்கள் உச்சந்தலையில் நடந்தபோது சுவேதா கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாடவில்லை என்று அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூன்று நாள் அந்தப் பொய்யில் குளிர் காய்ந்தாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அப்பா தங்கவேல் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அண்ணன் அரிகரனும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். மின்சாரம் நின்றிருந்தது. மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துப் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள் சுவேதா. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது, கரும்புத் தோகைகளின் சரசரப்பு சுவருக்கு வெளியே ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு டிராக்டர் திணறிவிட்டு நின்றது. அந்த நிசப்தத்தில், மேலே, யாரோ மூச்சை இழுத்தார்கள்.

சின்ன மூச்சு. வாயால், வேகமாக இழுத்த மூச்சு.

பிறகு எதுவுமில்லை. பத்து வரை எண்ணும் நேரம். மறுபடியும் மூச்சு. மறுபடியும் அதே அளவு இடைவெளி.

பல்லியாக இருக்கலாம், கதவிடுக்கில் காற்றாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஆனால் அவளுடைய விரல் தானாகப் புத்தகத்தின் மேல் தாளம் போடத் தொடங்கியிருந்தது. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு. அப்புறம் ஒரு அடி, ஒரு மூச்சு. அடுத்தது உச்சம், அதற்கு முன்னால் அடிவயிறு வரைக்கும் இழுக்க வேண்டும். இப்போது இழுக்க வேண்டும் என்று அவள் நினைத்த அதே நொடியில், மேலே, ஆழமாக, நீளமாக, அந்த மூச்சு இழுக்கப்பட்டது.

அது அவளுடைய பாட்டு. இறுதிச் சுற்றில் பாடியது. மூச்சு விழும் இடங்கள் மட்டும் கேட்டன. பாட்டு கேட்கவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் படியேறினாள். அறையில் யாரும் இல்லை. கட்டில், பீரோ, மேசை, மூடிய ஜன்னல். ஆனால் படப்பிடிப்பு அரங்கின் வாசம் முகத்தில் அடித்தது. சூடான விளக்குகளும் தலைக்கு அடிக்கிற ஸ்பிரேயும் ரோஸ் பவுடரும் கலந்த, ஐந்து வருடத்துக்கு முந்தைய வாசம். தலையணையில் ஜிகினாத் தூள் மின்னியது. படுக்கையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் அரிகரன் அவளைக் கூப்பிட்டுத் தன் செல்போனைக் காட்டினான். போட்டி முடிந்த நாளிலிருந்து அவளுடைய கச்சேரிகளை ஏற்பாடு செய்வது, பாட்டுகளை யூட்யூபில் போடுவது எல்லாம் அவன்தான். படிப்பை அதற்காகவே விட்டவன். ஐந்து மாதமாக மத்தியானம் வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தவன் இன்று சவரம் செய்திருந்தான். கோபித்துக்கொள்ளாதே, கதவுக்கு வெளியே நின்று ரெக்கார்டு பண்ணினேன், நேற்றே போட்டுவிட்டேன், ஐம்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்றான். சத்தத்தை முழுதாகக் கூட்டி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

திரையில் மூடிய கதவு. அவளுடைய அறைக் கதவு. ஒலியின் அளவு காட்டும் பச்சைக் கோடுகள் எழுந்தும் விழுந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. அரிகரனின் கண் கலங்கியது. அவன் தலை மெல்ல ஆடியது.

சுவேதாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கோடுகள் விழுந்து கிடந்த இடங்களில் மட்டும், மூச்சு.

"இன்னாமா வந்துருக்கு பாரு அந்த எடம்," என்றான் அரிகரன். "கொழந்தையா இருந்தப்பகூட நீ இப்படிப் பாடலடி."

"அண்ணா, இது நான் இல்ல."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே ஓடிய வரிகளைப் படித்துக் காட்டினான். குழந்தை திரும்பி வந்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். பெரியவளானதும் கெட்டுப்போனது என்று நினைத்தோம், நல்லவேளை என்று ஒருவர். இனிமேல் மாறவே கூடாது, பாப்பா, மாறினால் கொன்றுவிடுவோம் என்று ஒருவர் எழுதிப் பக்கத்தில் சிவப்பு இதயங்கள் போட்டிருந்தார். அதைப் படித்து அரிகரன் சிரித்தான்.

அடுத்த வாரம் அவள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தாள். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே வீடு அசாதாரணமாக அமைதியாக இருந்தது. அம்மா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் பாதி புடைத்த அரிசி. கண் மூடியிருந்தது. முகத்தில் இத்தனை வருடத்தில் சுவேதா பார்க்காத ஒரு நிறைவு. விரல்கள் முறத்தின் விளிம்பில் தாளம் போட்டன.

மேலே மூச்சு இழுக்கப்பட்டது.

சுவேதா கீழ்ப்படியில் போய் நின்றாள். புத்தகப் பை தோளில் தொங்க, வெயிலில் வியர்த்த முகத்தோடு, அம்மாவின் கண் திறக்கும்வரைக்கும் நின்றாள். இப்போது புரிந்துவிடும் என்று நினைத்தாள். நான் இங்கே நிற்கிறேன், அறை மேலே இருக்கிறது. அம்மா பயந்து அலறப்போகிறாள், என்னை இழுத்து அணைத்துக்கொள்ளப்போகிறாள்.

ஜெயா கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். நிதானமாகத் திரும்பி மாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு மறுபடி மகளைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

சத்தம் போடாதே.

சுவேதா கொல்லைக்கு ஓடினாள். மோட்டார்க் கொட்டகையின் ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. பையில் அவருடைய செல்போன் இருந்தது. திருக்கனூரில் இருக்கும் சித்தி உஷாராணியைக் கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை, குழந்தையை இப்படிப் பிழிகிறாயே என்று அம்மாவோடு சண்டை போட்டு மூன்று வருடமாக வீட்டுப் பக்கமே வராதவள். சுவேதா திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். சித்தி உடனே சரி என்றாள். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், பயப்படாதே, துணிமணியை எடுத்து வை என்றாள். அப்புறம் பேச்சை நிறுத்தினாள்.

"சித்தி?"

"பின்னால யாருடி பாடறது?"

காற்று வீசியது. கரும்பு சரசரத்தது. வேறெதுவும் இல்லை.

"சித்தி, யாரும் பாடல. நீ வரியா?"

"இரு, பேசாத," என்றாள் சித்தி. அவள் குரல் குழைந்திருந்தது. "போன கொஞ்சம் அந்தப் பக்கமா காட்டு."

அதன் பிறகு சுவேதா எத்தனை முறை கூப்பிட்டும் மறுமுனையில் பதில் வரவில்லை. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸிலும் வரவில்லை, கடைசி பஸ்ஸிலும் வரவில்லை.

மிச்சமிருந்தவர் அப்பா மட்டும்தான். தங்கவேல் அதிகம் பேசாதவர். மகள் மேடையேறிய நாட்களில் மேடைக்குப் பின்னால் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர். சாயங்காலம் அவர் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏரிக்கு மேலே வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"யப்பா, மேல பாடறது நான் இல்ல."

"தெரியும்மா," என்றார் அப்பா.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மொத நாளே தெரியும். ஒன் குரலு எனக்குத் தெரியாதா?" அவர் ஒரு குச்சியை ஒடித்துச் சேற்றை நோண்டினார். "ஒங்கம்மா சிரிக்கறா. அரி காத்தால எழுந்துக்கறான். அஞ்சு மாசமா இந்த வூட்ல ராவுல யாரும் தூங்கல, இப்பத் தூங்கறோம். எனக்கும் அத்தக் கேட்டா மனசு நெறஞ்சு போவுது."

"அது இன்னான்னு தெரியுமாப்பா?"

"இன்னாவா இருந்தா இன்னா. நீதான் பாட மாட்டேன்னுட்ட. அது பாடிட்டுப் போவட்டும்." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு, மகளைக் காயப்படுத்தக் கூடாதே என்ற அக்கறையோடு, தணிந்த குரலில் சொன்னார். "நீ கொஞ்ச நாளைக்குக் கீழ படுத்துக்கம்மா. மேல போவாத. நீ உள்ள இருந்தா அது பாட மாட்டேங்குது."

அன்றிலிருந்து அவள் படுக்கை உர மூட்டைகள் கிடந்த சின்ன அறைக்கு வந்தது. யூரியாவின் நெடி மூக்கை அரித்தது. அவளுடைய தட்டு மாடிக்குப் போனது, அவளுடைய டம்ளர் மாடிக்குப் போனது. பீரோவிலிருந்து பழைய பட்டுப் பாவாடையை எடுத்து அம்மா துவைத்து மடித்துக் கதவுக்கு முன்னால் வைத்தாள். அது உள்ளே போனது. யார் எடுத்தார்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வாசலில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். முதலில் தனக்கொடியும் நாலைந்து பெண்களும். பிறகு பண்டசோழநல்லூரிலிருந்து, வில்லியனூரிலிருந்து, கடலூர்ப் பக்கமிருந்து. பேச மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார்கள். சுவேதா பள்ளிக்குப் போகும்போது வழி விடுவார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் அவள் வேண்டிக்கொண்டது அதுதான். இப்போது அது கிடைத்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதித்தாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு. அரிகரன் வாசலில் ஷாமியானா போட்டான். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, உள்ளூர் கேபிள் சேனலிலிருந்து கேமராவோடு இருவர் வந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் வாசல் நிரம்பி, வேலி நிரம்பி, ரோடு வரைக்கும் தலைகள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வியர்வை, மல்லிகை, கூழ் ஊற்றிய பாத்திரங்களின் புளித்த வாசம்.

இரண்டு துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு சுவேதா சின்ன அறையிலிருந்து வெளியே வந்தாள். திருக்கனூருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். சித்தியின் முகத்துக்கு நேராக நின்று பேசினால் சித்தி கேட்பாள்.

அப்போது மாடியில் மூச்சு இழுக்கப்பட்டது.

கூட்டம் முழுவதும் அசைவற்றுப் போனது. பிறகு எல்லாத் தலைகளும் ஆடின. ஒரே நேரத்தில். ஒரே பக்கமாக. கரும்பு காற்றில் சாய்வதுபோல.

அவள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்தாள். யாரும் காலை நகர்த்தவில்லை. வழி விடுங்கள் என்றாள். யாரோ உஸ்ஸென்றார்கள். இன்னொரு பக்கம் முயன்றாள். அங்கேயும் முழங்கால்கள். தோள்கள். தனக்கொடி நின்றிருந்தாள்; சுவேதா அவள் கையைப் பிடித்து, அக்கா, நான் வெளியே போகணும் என்றாள். தனக்கொடி குனிந்து அவளைப் பார்த்தாள். அவள் கண்ணில் அடையாளம் தெரிந்துகொண்ட சுவடே இல்லை. "யாரும்மா நீ," என்றாள் எரிச்சலோடு. "நடுவுல வந்து தொந்தரவு பண்ற."

"நான் சுவேதாக்கா."

சொன்னது கரகரவென்று வந்தது. உடைந்த, தடித்த, பதினைந்து வயதுக் குரல். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. எல்லா முகங்களிலும் ஒரே வெறுப்பு. யாரோ அவள் தோளில் கை வைத்துத் தள்ளினார்கள். இன்னொரு கை. இன்னொன்று. பை கீழே விழுந்தது. தள்ளத் தள்ள அவள் பின்வாங்கினாள். வாசற்படி. கூடம். திறந்திருந்த ஒரே வழி மாடிப்படிதான்.

ஏறினாள்.

நடுப்படியில் அம்மா. கண் மூடியிருந்தாள். சுவேதா தாண்டிப் போனாள்.

ரோஸ் பவுடர் வாசம். சூடு.

கதவைத் திறந்தாள்.

கட்டிலில் ஒரு சிறுமி. முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து. மஞ்சள் பட்டுப் பாவாடை. இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன். கால்கள் தரையை எட்டவில்லை.

மூச்சு. தோள்கள் உயர்ந்தன.

இறங்கவில்லை.

மறுபடி மூச்சு. இன்னும் உயர்ந்தன. மறுபடி. காதைத் தொட்டன. வெளியே விடவே இல்லை. உள்ளே. உள்ளே. உள்ளே மட்டும்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. மெதுவாக, சத்தம் வராதபடி. அப்பா எதையும் அப்படித்தான் செய்வார்.

"யப்பா," என்றாள். கேட்கவில்லை. தனக்கே கேட்கவில்லை.

அது திரும்பியது.

பவுடர் அப்பிய முகம். வெடித்த பவுடர். போட்டியில் சொல்லிக்கொடுத்த சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே வாய். திறந்தே இருந்தது. மூடும் வாய் அல்ல. உள்ளே இருட்டு.

கூட்டத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

பிறகு நகர்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இடம் விட்டது.

சுவேதாவின் கால்கள் நடந்தன. நிற்கச் சொன்னாள். நடந்தன. கட்டில் மெத்தை. சூடான இடம். சின்னக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. ஈரமான கை. பிடி விடவில்லை.

தாடை வலித்தது. ஏன் என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவள் வாய் திறந்திருந்தது. மூடப் பார்த்தாள். இன்னும் திறந்தது. இன்னும்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

கீழே கைதட்டினார்கள். நூறு பேர். ஆயிரம் பேர். தட்டிக்கொண்டே இருந்தார்கள். கதவுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, எந்தக் காலத்திலும் இல்லாத பாசத்தோடு.

"இன்னும் ஒண்ணு பாடும்மா."

பக்கத்தில் சின்னத் தோள்கள் உயர்ந்தன. கூடவே அவளுடையவையும் உயர்ந்தன.

இறங்கவில்லை.